தலைச்சன் பிள்ளைக்குச் சட்டத்தில் தனி உரிமை உண்டா?

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறார். அண்ணன், அக்கா, கேட்பவர் என மூன்று பிள்ளைகள். இந்துக் குடும்பம். அப்பா சம்பளத்தில் கட்டிய வீடு ஒன்று, தாத்தா வழியில் வந்த நிலம் கொஞ்சம். "தலைச்சன் பிள்ளைக்குத்தான் வீடு, காலம் காலமாகச் சட்டமே அப்படித்தான்" என்கிற அண்ணன், ஆதாரமாக ஒரு பழைய ஜமீன் வழக்குத் தீர்ப்பைக் காட்டுகிறார். கூடவே ஒரு முத்திரைத்தாளில் தம்பியும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். மூத்த பிள்ளை வாரிசுரிமை என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதற்கு என்ன பொருள்?

உங்கள் வீட்டு விஷயத்துக்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் ஒரே வரி: கிடையாது. அண்ணனுக்கும் அக்காவுக்கும் உங்களுக்கும் சரிபங்கு. ஆனால் அண்ணன் காட்டும் தீர்ப்பும் பொய் இல்லை. அப்படி ஒரு விதி நம் ஊரிலேயே நூறு நூற்றைம்பது வருஷம் நீதிமன்றங்களில் ஓடியிருக்கிறது. அது எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதில்தான் அண்ணன் கோட்டை விட்டிருக்கிறார். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாகப்பிரிவினை வழக்குகளில் இந்த வாதத்தை அடிக்கடி கேட்டுப் பழகியவன் நான்.

மூத்தவருக்கு எல்லாம் என்ற விதி, சொத்தின் தன்மையிலிருந்து பிறந்த விதி. சட்டத்தில் அது இரண்டு படியாக வரும். முதல் கேள்வி, இந்தச் சொத்தைக் கூறுபோடலாமா என்பது. போடலாம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. யார் முதலில் பிறந்தார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கூறுபோடக் கூடாத சொத்து, ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும் என்றால் மட்டும் இரண்டாவது கேள்வி எழும்: அந்த ஒருவர் யார்? அதற்குப் பல குடும்பங்கள் சொன்ன விடைதான் மூத்த மகன். வேறு விடைகளும் இருந்தன. கேரளத்தின் மருமக்கள்தாயத் தறவாடுகளில், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களில், தலைமை, குடும்பத்திலேயே வயதில் மூத்த ஆணிடம் போனது. காரணவர் என்ற அந்தத் தலைவர் இறந்தால் அடுத்து அவர் தம்பியோ சகோதரி மகனோ, யார் வயதில் மூத்தவரோ அவர். இங்கிலாந்தின் சில பழைய நகரங்களில் கடைக்குட்டிக்கு நிலம் போன வழக்கமும் உண்டு. ஆக, ஒருவருக்குத்தான் என்பது ஒரு விதி, அந்த ஒருவர் மூத்தவர் என்பது இன்னொரு விதி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

மூத்தவர் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜமீன்தாருக்கு மூன்று மகன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்கு 5 வயதில் ஒரு பையன். ஜமீன்தார் இறந்ததும் பட்டம் யாருக்கு? உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர் இரண்டாவது மகன்தானே என்று தோன்றும். விதி அப்படிப் பார்க்காது. மூத்தவரின் கிளை இருக்கும்வரை அந்தக் கிளைக்குள்தான் வாரிசு; 5 வயதுப் பேரன் பட்டத்துக்கு வருவான், 40 வயதுச் சித்தப்பா அவன் கீழ் இருப்பார். வயதை அல்ல, கிளையை எண்ணும் கணக்கு இது.

இதில் பல தாரம் வேறு சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மூத்த மனைவிக்குப் பின்னால் பிறந்த மகனா, இளைய மனைவிக்கு முன்னால் பிறந்த மகனா என்று தென்மாவட்ட ஜமீன்கள் நீதிமன்றத்தில் புரண்டன. பொதுவிதி, முதலில் பிறந்தவன் என்பதே. எங்கள் குடும்ப வழக்கம் வேறு என்று சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பது எளிதில்லை. திருநெல்வேலிச் சீமையின் ஊர்க்காடு ஜமீன் வழக்கில் 1872-ல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) அதற்கு ஓர் அளவுகோல் வைத்தது: சாதாரண வாரிசு முறையை மாற்றும் வழக்கம் பழமையானதாக இருக்க வேண்டும், மாறாமல் தொடர்ந்து வந்திருக்க வேண்டும், ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் இருக்க வேண்டும். இன்றைக்கும் வழக்கத்தைச் சொல்லிக்கொண்டு நீதிமன்றம் வருபவர்கள் முன் நீட்டப்படும் அளவுகோல் இதுதான். "எங்க குடும்பத்துல அப்படித்தான்" என்று வாயால் சொன்னால் போதாது.

இனி, உங்கள் அண்ணன் காட்டும் ஜமீன் வழக்குகளுக்கு வருவோம். அவற்றில் பெயர்போனது சிவகங்கை.

1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட அதே வருஷம், கிழக்கிந்தியக் கம்பெனி சிவகங்கையை கௌரி வல்லப பெரிய உடையத் தேவருக்கு ஜமீனாகக் கொடுத்தது. அவர் 1829-ல் இறந்தார். மனைவிகள் இருந்தார்கள், பெண் மக்கள் இருந்தார்கள், ஆண் வாரிசு இல்லை. அண்ணன் வழி ஆண் வாரிசுகள் இருந்தார்கள். அண்ணன் மகன் ஜமீனில் போய் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பிரியாத கூட்டுக் குடும்பம், கூட்டுக் குடும்பத்தில் ஆண் கிளைக்குத்தான் சொத்து, அந்த ஆண் கிளையில் மூத்தவன் நான் என்பது அவர் வாதம். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது வழக்கு. தலைமுறை மாறியது, ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் விடாமல் லண்டன் வரை கொண்டு போனார்.

1863-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. சிவகங்கை ஒரு சிற்றரசு மாதிரி, கூறுபோட முடியாது, ஒரு நேரத்தில் குடும்பத்தில் ஒருவர்தான் அனுபவிக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டது. அடுத்ததாக அந்த ஒருவர் யார் என்று பார்த்தபோது, ஜமீன் எப்படி வந்தது என்று கேட்டது. கம்பெனி அவருக்குத் தனிப்பட்ட முறையில் கொடுத்தது. அதனால் அது சுயார்ஜிதம், அதாவது அவர் தானே தேடிய சொத்து. குடும்பம் பிரியாமலே இருந்தாலும் சுயார்ஜிதம் கூட்டுக் குடும்ப வழியில் போகாது. மகன் இல்லாவிட்டால் மனைவிக்கு, பிறகு மகளுக்கு. அண்ணன் கிளை தோற்றது. மூத்த ஆண் என்ற வாதத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் நின்றவர்களை ஒரு பெண் ஜெயித்தார். கூறுபோட முடியாத ஜமீனில்கூட, மூத்த ஆண் என்பது மட்டும் போதவில்லை என்பதைக் கவனியுங்கள். அண்ணன் வைத்திருப்பது இந்தத் தீர்ப்பு என்றால், அதை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

சரி, ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் கூடப் பிறந்தவர்கள்? அவர்களுக்கு ஜீவனாம்சம். பங்கு என்று கேட்க முடியாது. சாப்பாட்டுக்கும் இருப்புக்கும் ஜமீன் கொடுக்க வேண்டும். இதிலும் தகராறு. கோதாவரிப் பக்கத்து பித்தாபுரம் ஜமீன் வழக்கில் 1918-ல் பிரிவி கவுன்சில், ஜமீன்தாரின் சொந்தப் பிள்ளைகளைத் தவிர மற்ற பங்காளிகள் ஜீவனாம்சம் கேட்க வேண்டுமானால் அதற்கு ஒரு வழக்கத்தைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. இரண்டு மூன்று தலைமுறை தாண்டிய கிளைகள் ஜமீன் பெயரை வைத்துக்கொண்டு கையில் ஒன்றும் இல்லாமல் நின்றதற்கு இது ஒரு காரணம்.

பட்டத்துக்கு வந்தவர் இஷ்டப்படி விற்கலாமா என்பது அடுத்த சிக்கல். 1888-ல் வடநாட்டு வழக்கு ஒன்றில் பிரிவி கவுன்சில், விற்கலாம் என்றது. கூட்டுக் குடும்பத்தில் மகன் தகப்பனைத் தடுக்க முடிவது, பங்கு கேட்கும் உரிமை இருப்பதால். ஜமீனில் பங்கு கேட்கும் உரிமையே இல்லையே, அப்புறம் எதை வைத்துத் தடுப்பான் என்பது அதன் தர்க்கம். 1899-ல் பித்தாபுரத்தின் முந்தைய வழக்கில் அதே நியாயம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. உயில் எழுதி வெளியே கொடுத்தாலும் செல்லும். ஜமீன்களைக் காப்பாற்றத்தானே மூத்தவர் முறையே இருக்கிறது? அதே முறையால் பட்டத்தில் இருக்கும் ஒருவர் கடன் வாங்கி, அடமானம் வைத்து, மொத்தத்தையும் வட்டிக்காரரிடம் விட்டுவிட வழி திறந்துவிட்டது. பதறிப்போன மாகாண அரசு 1904-ல் தனிச் சட்டம் போட்டது. சட்டத்தில் பட்டியலிட்ட ஜமீன்களில், ஜமீன்தார் தன் ஆயுளுக்கு அப்பால் செல்லும்படி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. கூட்டுக் குடும்பத் தலைவருக்கு இருக்கும் அளவு அதிகாரம்தான் அவருக்கும். யார் யாருக்கு ஜீவனாம்சம் என்றும் அதே சட்டம் பட்டியல் போட்டது.

சிறுவன் பட்டத்துக்கு வந்தால் ஜமீன் நிர்வாகத்தை அரசின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். பையன்களைச் சென்னைக்குக் கூட்டி வந்து தேனாம்பேட்டையில் நியூவிங்டன் என்ற பங்களாவில் வைத்து ஆங்கிலப் படிப்பும் டென்னிசும் சொல்லிக் கொடுத்தார்கள். 1919-ல் அதன் முதல்வர் டி லா ஹே தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட, கடம்பூர் இளவல் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டு, விடுதலையானார். இது நம் கேள்விக்குச் சம்பந்தமில்லாத கதைதான். ஆனாலும் கிளைக் கணக்கில் சிறுவர்கள் பட்டத்துக்கு வந்ததால் இப்படி ஓர் ஏற்பாடே தேவைப்பட்டது என்பதற்காகச் சொன்னேன்.

இந்த உலகம் முடிவுக்கு வந்தது 1948-ல். சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம், ஜமீன்களை அரசு எடுத்துக்கொண்டு, நிலம் வைத்திருப்பவரே அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்ற வழி செய்தது. நஷ்டஈடு கொடுத்தார்கள். அந்தப் பணத்தை என்ன செய்வது? மூத்தவருக்கு மட்டுமா? அந்தச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு நான் மேலே சொன்னதற்கு நல்ல சாட்சி. ஜீவனாம்சக்காரர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஜமீன்தாரும் அவருடைய மகன், பேரன், கொள்ளுப்பேரன்களும் ஒரு கூட்டுக் குடும்பம் என்றும், அன்றைய தேதியில் அவர்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்றும் வைத்துப் பிரிக்கச் சொன்னது. நிலமாக இருந்தவரை ஒருவருக்கு. ரூபாயாக மாறிய அன்றைக்கே எல்லா மகன்களுக்கும் பங்கு. ரூபாயைக் கூறுபோடலாமே!

மண் போனாலும் மரியாதை சில இடங்களில் தங்கியது. சிங்கம்பட்டியின் கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, 2020-ல் மறையும்வரை, காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவில் ராஜ உடையில் வந்து அமர்வார். கூட்டம் அதைப் பார்க்கவே வரும். பரம்பரை அறங்காவலர் பதவி, கோயிலில் முதல் மரியாதை போன்றவற்றில் மூத்தவர் கேள்வி இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் அதே: பரிவட்டம் ஒரு நேரத்தில் ஒரு தலையில்தான் கட்ட முடியும். அங்கேகூட மூத்த மகனுக்குத்தான் என்று எழுத்திலோ வழக்கத்திலோ நிரூபிக்காவிட்டால், வாரிசுகள் எல்லோருக்கும் உரிமை வந்து, வருஷத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்வதுதான் நடக்கிறது.

கூறுபோடக்கூடிய சாதாரணச் சொத்தில் மூத்தவருக்கு எப்போதாவது அதிகம் இருந்ததா என்றால், ஏட்டில் இருந்தது. மனுவில், மூத்தவன் முழுவதையும் எடுத்துக்கொள்ள மற்றவர்கள் தகப்பனிடம் இருப்பதுபோல் அவனிடம் இருக்கலாம் என்று ஒரு இடம். பிரித்தால் மூத்தவனுக்கு இருபதில் ஒரு பங்கு தனியாக எடுத்துவைத்து, நடுவுள்ளவனுக்கு அதில் பாதி, இளையவனுக்குக் கால்வாசி கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சமமாகப் பிரி என்று இன்னொரு இடம். பைபிளின் உபாகமம், தலைப்பிள்ளை வெறுக்கப்பட்ட மனைவியின் மகனாக இருந்தாலும் அவனுக்கு இரண்டு பங்கு என்கிறது. ஏசா பயற்றங்கூழுக்கு விற்ற சேஷ்டபுத்திரபாகம் இந்த வகையறா. ஆனால் நம் பக்கத்துக்கு வேதம் மாதிரி இருந்த மிதாட்சரம் என்ற சட்ட உரையை எழுதிய விஞ்ஞானேசுவரர், ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே, இந்த ஏற்றத்தாழ்வுப் பங்கு சாத்திரத்தில் இருந்தாலும் உலகம் வெறுக்கிறது, அதனால் செய்யக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார். அதனால், காலம் காலமாக மூத்தவனுக்குத்தான் என்பது சாதாரண வீட்டுக்கு எந்தக் காலத்துக்கும் பொருந்தாத பேச்சு. ஒரு வாத்தியார் குடும்பமோ விவசாயக் குடும்பமோ ஜமீன் விதியைத் தங்களுக்கும் என்று எடுத்துக்கொள்வது, பார்த்த சினிமாக்களின் பாதிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

வெளிநாட்டிலும் கதை இதேதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் உயில் இல்லாத நிலம் மூத்த மகனுக்கு என்ற விதி 1925-ஆம் வருஷச் சட்டத்தால் ஒழிந்து, 1926 ஜனவரியிலிருந்து இல்லை. மகுடமும் பிரபுப் பட்டங்களும் மட்டும் தப்பின. மகுடத்திலும் 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அதனால்தான் இளவரசி ஷார்லட்டை அவருடைய தம்பி லூயி முந்தவில்லை. சுவீடனில் 1980-ல் சட்டம் மாறியபோது, சில மாதங்களுக்கு முன் பட்டத்து இளவரசனாகப் பிறந்த கைக்குழந்தை அதை அக்கா விக்டோரியாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ஜப்பானின் 1898 சிவில் சட்டம் குடும்பத் தலைமையையும் சொத்தையும் மூத்த மகனிடம் கொடுத்தது. போருக்குப் பிறகு 1947-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கேப்டவுனை ஒட்டிய கயலிட்ஷாவில் ஒருவர் இறந்தார். இரண்டு சிறு பெண் குழந்தைகள். அங்கிருந்த கறுப்பின மக்களின் வழக்கச் சட்டப்படி ஆண் வழி மூத்தவருக்குத்தான் வாரிசுரிமை. அதனால் குழந்தைகள் இருந்த வீடு இறந்தவரின் தகப்பனாருக்குப் போனது. அவர் ஈமச் செலவுக்காக அதை விற்கப் போனார். 2004-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியையே செல்லாது என்று அடித்தது. பழைய வழக்கத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் வாரிசுக்கு எல்லோரையும் காப்பாற்றும் கடமையும் சேர்ந்தே வந்தது, இன்றைக்குச் சொத்து மட்டும் போகிறது, கடமை போவதில்லை என்பதை நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. ஜீவனாம்சம் இல்லாத ஜமீன் மாதிரி.

இந்தியாவுக்குத் திரும்பினால், 1956 ஜூன் 17 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலில் இருக்கிறது. அது பழைய வழக்கங்களைத் துடைத்துவிட்டு, 5-ஆம் பிரிவில் சில விலக்குகளை மட்டும் வைத்திருக்கிறது. சமஸ்தான மன்னர் இந்திய அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படியோ, 1956-க்கு முந்தைய ஒரு சட்டப்படியோ ஒரே வாரிசுக்குப் போகும் எஸ்டேட் அதில் ஒன்று. ஒப்பந்தம் அல்லது சட்டம், இந்த இரண்டுதான். வழக்கம் என்ற சொல் அந்த இடத்தில் இல்லை. வெறும் குடும்ப வழக்கத்தால் மூத்தவருக்குப் போய்க்கொண்டிருந்த சொத்தெல்லாம் அதன்பின் வாரிசுரிமை வரும்போது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. உங்கள் அப்பா எந்த சமஸ்தானத்துக்கும் ராஜா இல்லை என்று நம்புகிறேன்.

ராஜாவாகவே இருந்தாலும் பருப்பு வேகாது. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் நவாப் ரஸா அலி கான் 1966-ல் இறந்தார். மூத்த மகன், பட்டம் எனக்கு என்றால் சொத்தும் எனக்கே என்றார். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பட்டம் மூத்தவருக்குப் போகட்டும், தனிப்பட்ட சொத்து முஸ்லிம் வாரிசுச் சட்டப்படி எல்லா வாரிசுகளுக்கும் போகும் என்று முடித்துவைத்தது.

முஸ்லிம் சட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தலைமகனுக்கென்று இன்னும் தனியாக ஒன்று ஷியா பிரிவில் இருக்கிறது. தகப்பனாரின் உடைகள், மோதிரம், வாள், அவர் ஓதிய குர்ஆன் ஆகியவை மூத்த மகனுக்கு. அதுவும் தகப்பனார் வேறு சொத்தும் விட்டுப் போயிருந்தால்தான். வீடும் நிலமும் அதில் இல்லை. சுன்னிகளுக்கு அதுவும் கிடையாது. கிறிஸ்தவர்களுக்கு 1925 வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக.

மறுபடி உங்கள் வீட்டுக்கு வருவோம். வீடு அப்பாவின் சுயார்ஜிதம். அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள்: ஆளுக்கு நாலில் ஒன்று. அப்பாவின் அம்மா, அதாவது உங்கள் அப்பத்தா, அப்பா இறந்த அன்று உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் சரிபங்கு, அப்போது ஐந்தில் ஒன்று. இதைப் பலர் மறந்துவிட்டு, பத்திரம் போட்டபின் அத்தைமார் வந்து நிற்கும்போது விழிக்கிறார்கள். அக்கா கல்யாணமாகிப் போய்விட்டார் என்பதால் ஒன்றும் குறையாது. குடியிருக்கும் வீட்டில் பெண்கள் பாகம் கேட்க முன்பு இருந்த தடையையும் 2005-ல் எடுத்துவிட்டார்கள்.

நிலம் கொஞ்சம் சிக்கல். அது தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியமாக இருந்து, அவர் 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அப்பா கைக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச் சொத்து; வீட்டைப் போலவே பிரிப்பு. அதற்கும் முன்பிருந்தே இறங்கி வந்த உண்மையான பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. அப்பா 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு இறந்தவர் என்று கொண்டால், அவர் இறப்பதற்கு முந்தின நிமிஷம் பாகம் நடந்ததாக வைத்துப் பார்ப்பார்கள். அப்பாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கால் கால். நம் தென்னாட்டு முறையில் அந்தப் பாகத்தில் அம்மாவுக்கு இடம் இல்லை. பிறகு அப்பாவின் கால் பங்கு அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நாலாகப் பிரியும். முடிவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு பதினாறில் 5, அம்மாவுக்கு பதினாறில் 1. மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை, அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. எந்தக் கணக்கிலும் அண்ணனுக்குத் தனியாக ஒரு துளி வரவில்லை, பாருங்கள்.

அண்ணனுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும்? கொள்ளி வைத்தவர் அவர், கர்த்தாவும் அவர் என்று இருக்கலாம். கொள்ளி வைப்பது சடங்கு, சொத்துக்குத் தொடர்பில்லை. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவர் கர்த்தாவாக இருப்பது நிர்வாகத்துக்காக. வரவு செலவு பார்க்கலாம், அதனால் பங்கு அதிகமாகாது. அந்த இடமும் ஆண்களுக்கு மட்டும் இல்லை. மூத்த வாரிசு பெண்ணாக இருந்தால் அவரே கர்த்தா என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015 இறுதியில் சொல்லியிருக்கிறது. அக்கா உங்கள் அண்ணனுக்கு மூத்தவராக இருந்தால் இதை மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள், மூத்தவர் வாதம் அத்தோடு நின்றாலும் நிற்கும்.

இன்னொன்று பட்டா. அப்பா இறந்ததும் பட்டாவும் மின் இணைப்பும் வீட்டு வரியும் மூத்தவர் பெயருக்கு மாறுவது ஊர் வழக்கம். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அதில் பெயர் ஏறியதால் மட்டும் அவர் தனி உரிமையாளர் ஆகிவிட மாட்டார். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்பதற்கும் எந்த மதிப்பும் இல்லை. கூட்டுரிமையாளர் ஒருவர் கையில் சொத்து இருந்தால் அது எல்லோர் சார்பிலும் இருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். ஆனால் அவர் "உங்களுக்கு இதில் உரிமையே இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து வெளியே தள்ளிவிட்டால், அந்த நாளிலிருந்து 12 வருஷக் கெடு ஓடும். ஆகவே அண்ணன்தானே என்று சும்மா இருக்க வேண்டாம்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே உயிலோ தானசெட்டில்மென்ட்டோ எழுதி வீட்டை அண்ணனுக்குக் கொடுத்திருந்தால் கதை வேறு. தன் சுயார்ஜிதத்தை அவர் யாருக்கும் கொடுக்கலாம், கடைக்குட்டிக்கும் கொடுக்கலாம். அது அவர் விருப்பம், மூத்த பிள்ளை உரிமை ஆகாது. அப்படி ஏதும் உண்டா என்று ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவான செட்டில்மென்ட் இருந்தால் அதில் தெரிந்துவிடும். உயில் அதில் வராது, அதை அண்ணனிடமே கேட்க வேண்டியதுதான்.

அந்த முத்திரைத்தாளுக்கு வருகிறேன். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று அதில் எழுதியிருந்தால் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பங்கை விட்டுக்கொடுப்பது என்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வெறும் தாளில் எழுதியதால் பங்கு அண்ணனுக்கு மாறிவிடாது. ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் "எழுதிக் கொடுத்தார்களே" என்று உங்களையே குறுக்கு விசாரணையில் வைத்துக் குடைய அந்தத் தாள் போதும். அண்ணனுக்கு அந்த வீடுதான் வேண்டும் என்றால், வீட்டை மதிப்பிட்டு, மற்ற மூவரின் பங்குக்கும் பணம் கொடுத்துவிட்டு, அம்மாவின் குடியிருப்பு உரிமையையும் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரமாகவே போட்டுவிடலாம். குடும்பத்துக்குள் என்பதால் அதற்கு முத்திரைத்தீர்வையும் சலுகை விகிதம்தான்.